பிறவிப் படலமும் பழவினையும்

கண்மணியில் வெள்ளை படர்ந்த சிசு ஒன்று ஒரு குடும்பத்தில் பிறந்துவிட்டால், அதன் கண்ணை வைத்தியர் பரிசோதிப்பதற்கு முன்பே அதன் பூர்வ ஜன்மத்தைச் சுற்றத்தார் பரிசோதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். தாய் கிரகணத்தன்று வெளியே வந்தாளா, தந்தை வழியில் சர்ப்ப தோஷம் உண்டா, பாட்டனார் எவர் வயிற்றெரிச்சலையாவது கொட்டிக்கொண்டாரா என்று விசாரணை நீள்கிறது. விசாரணை எந்தத் திசையில் போனாலும், முடிவில் அது குழந்தையைப் பெற்றவளின் தலைமீது வந்து இறங்குவதே உலக வழக்கம். இந்தக் கேள்வி நம் தேசத்துக்கு மட்டும் உரியதன்று. யோவான் சுவிசேஷத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்று தங்கள் குருவை வினவுகிறார்கள். அவர் இருவரையும் குற்றத்திலிருந்து விடுவித்து, பகல் இருக்கும்போதே செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டென்று உணர்த்தி, தரையில் உமிழ்ந்து சேறுண்டாக்கி அவன் கண்களில் பூசி, குளத்தில் போய்க் கழுவிவரச் சொல்கிறார். கேட்டவர்கள் காரணத்தைக் கேட்டார்கள். அவரோ காலத்தைக் காட்டிக் காரியத்தில் இறங்கினார். அந்தச் சிறு சம்பவத்தில் அடங்கியிருக்கும் தத்துவ விவேகம், நம்முடைய சைவ சித்தாந்தத்திலும் வேறொரு வழியாக வந்து சேர்கிறது என்பதை எடுத்துக்காட்டுவதே இவ்வியாசத்தின் நோக்கம்.

காரணத்தைத் தேடுவது தவறென்று எவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எங்கே தேடுவது என்பதில்தான் தர்மமும் அதர்மமும் பிரிகின்றன. 1941ஆம் ஆண்டில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் கண் வைத்தியராக இருந்த நார்மன் கிரெக் என்பவர், பிறவிக் கண்புரையோடு தம்மிடம் கொண்டுவரப்படும் சிசுக்களின் தொகை வழக்கத்துக்கு மாறாகப் பெருகியிருப்பதைக் கவனித்தார். அந்தத் தாய்மார்களை விசாரித்தபோது, அவர்களுள் மிகப் பெரும்பாலோர், கர்ப்பந்தரித்த ஆரம்ப மாதங்களில், அதற்கு முந்தைய ஆண்டு அந்நாட்டில் பரவியிருந்த ருபெல்லா என்னும் ஜெர்மன் தட்டம்மை கண்டவர்கள் என்பது வெளிப்பட்டது. தம் நோயாளிகளோடு சக வைத்தியர்களின் நோயாளிகளையும் சேர்த்து அவர் ஆராய்ந்த 78 சிசுக்களில், 68 சிசுக்களின் தாய்மார்கள் அந்நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். தாய்க்கு இரண்டு மூன்று நாள் இளஞ்சூடும் மேனியில் சிவந்த தடிப்புமாக வந்து மறைந்துபோகும் ஓர் அற்ப நோய், நஞ்சுக்கொடியைக் கடந்துசென்று, அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த கருவின் கண்வில்லையையும் இருதயத்தையும் செவியையும் தாக்கியிருந்தது. எவள் மீது சாபமென்றும் பாபமென்றும் பழி சுமத்தப்பட்டதோ, அவளும் அந்தக் கிருமியால் தாக்குண்டவளே என்று அன்றைக்கு நிரூபணமாயிற்று.

ருபெல்லா மட்டுமே காரணமன்று. பெற்றோரில் ஒருவருக்கு இளமையிலேயே புரை இருந்து, அது வம்சத்தில் இறங்கும் வகையைச் சேர்ந்ததாயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வருவதற்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு. டவுன் நோய்க்குறியோடு பிறக்கும் சில சிசுக்களுக்கும் புரை காண்கிறது. பாலிலுள்ள காலக்டோஸ் என்ற சர்க்கரையைச் சிதைக்கும் சக்தி இல்லாமல் பிறக்கும் மிகச் சில சிசுக்களுக்கோ, தாய்ப்பாலே கண்ணில் புரையை வளர்த்துவிடுகிறது. அதனைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டு, பாலை நிறுத்தி மாற்று உணவு ஊட்டினால், சத்திர சிகிச்சை வேண்டாமலே அந்தப் புரை தெளிவதும் உண்டு. ஒரு கண்ணில் மட்டும் புரையோடு பிறக்கும் சிசுக்களில் பெரும்பான்மைக்கு எந்தக் காரணமும் அகப்படுவதில்லை. உலகில் அன்பின் வடிவமென்று போற்றப்படும் தாய்ப்பாலே ஒரு குழந்தைக்கு நஞ்சாகும்போது, அங்கே தண்டனைக்குரிய குற்றவாளி எங்கே இருக்கிறான்?

இவ்விடத்தில் ஆஸ்திகர் ஒருவர் குறுக்கிட்டு, "கிருமியும் வம்சமும் நிமித்தங்களே, அந்த நிமித்தம் இந்தச் சிசுவை வந்தடைந்தது எதனால்? பழவினையால் அன்றோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், சித்தாந்த சாஸ்திரம் தன் கருத்தை விளக்கக் கண்ணோயை எங்கே திருஷ்டாந்தமாகக் காட்டியது என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்கவேண்டும். ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலங்களைக் கூறும் அச்சாஸ்திரத்தில், ஒருவன் செய்த செயலின் பயனாக வருவது கன்மம் ஒன்றே. ஆணவமோ எவரும் செய்ததன்று. செம்பில் களிம்புபோல ஆன்மாவோடு அநாதியாக உடனிருப்பது. உயிரின் அறிவை மறைத்து நிற்பது. ஆகம சைவத்தின் பழைய ஆசாரியர்கள் கண்ணின் படலத்தை உவமையாக்கியது இந்த மூல மலத்துக்கே. மலம் என்பது வெறும் அறியாமையாக இருந்தால் அறிவு வந்தவுடன் விலகிவிடும். அது ஒரு திரவியம், ஒரு பொருள். ஆதலால், கண்ணிலுள்ள படலம் "இது படலம்" என்று அறிவதால் மட்டும் நீங்காமல் வைத்தியனுடைய கருவியாலேயே நீங்குவதுபோல, மலமும் குருவின் கிரியையாகிய தீட்சையினாலேயே நீங்கும் என்பது அவர்களுடைய வாதம். சிதம்பரத்தில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் விளங்கிய அகோரசிவாசாரியரின் மரபு இந்தக் கொள்கையை உறுதியாகப் பற்றி நின்றது. பின்னர் வந்த தமிழ்ச் சித்தாந்திகள் ஞானத்துக்கு அளித்த ஸ்தானம் அதனினும் உயர்ந்ததாயினும், மலத்தைப் பொருளென்று கொண்டதில் வேறுபாடு இல்லை.

இந்த உவமையின் உள்ளே ஒரு பெரிய கருணை பொதிந்திருக்கிறது. பிறவியோடு வந்த மறைப்பைப் பற்றிப் பேசும்போது, சாஸ்திரம் குற்றவாளியைத் தேடவில்லை, வைத்தியனைத் தேடியது. ஆணவத்துக்கு "யார் செய்தது?" என்ற கேள்வியே பொருந்தாது, "யார் நீக்குவது?" என்ற கேள்வி ஒன்றே பொருந்தும். சேக்கிழாரும் தம் புராணத்தில், பிறவியிலேயே கண்ணொளி இல்லாத தண்டியடிகளைத் திருவாரூர்க் குளத்தைத் தம் கையால் அகழ்ந்த தொண்டராக அறுபத்து மூவர் வரிசையில் வைத்துப் போற்றுகிறார். சபதம் தவறியதால் கண்ணிழந்த சுந்தரமூர்த்தி நாயனாரின் வரலாறு இதற்கு எதிரன்றோ என்றால், அவர் இழந்தது இந்தப் பிறவியிலே தாமே அறிந்து செய்த ஒரு செயலின் பொருட்டு. காரணத்தை அறிந்திருந்ததால், அதனைச் சொல்லி இறைவனிடம் முறையிடவும் அவரால் முடிந்தது. தொட்டிலில் கிடக்கும் சிசுவுக்கு அந்த அறிவும் இல்லை, அந்த வாக்கும் இல்லை. அதன்மீது ஒரு வழக்கைச் சுமத்தி, பிரதிவாதியின் வாக்குமூலம் இல்லாமலே தீர்ப்பும் எழுதிவிடுவதற்கு நமக்கு எந்த ஆகமம் அதிகாரம் கொடுத்தது?

எனினும், உவமை எங்கே பொருந்துகிறது என்று காண்பதைக் காட்டிலும் எங்கே முறிகிறது என்று காண்பது இங்கே அவசியமாகிறது. ஏனெனில் உவமைகள் யாவும் ஒருபுடை உவமைகளே. மலம் பரிபாகம் அடையவேண்டும், அதுவரையில் சத்திநிபாதம் என்னும் அருட்பதிவு நிகழாது என்பது சித்தாந்தம். முதியோருடைய கண்புரையிலும் அண்மைக் காலம்வரை வைத்தியர்கள் இவ்வாறே காத்திருந்தார்கள். புரை நன்றாக முற்றட்டும், பிறகு எடுக்கலாம் என்று நோயாளியைத் திருப்பி அனுப்பியதை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் அறிவார்கள். சுசுருதர் தம் சங்கிதையின் உத்தர தந்திரத்தில், கூரிய சலாகையால் கண்ணைத் துளைத்துப் படலத்தைப் பார்வையின் வழியிலிருந்து விலக்கும் முறையை வர்ணித்த காலந்தொட்டு, தக்க பருவம் பார்த்தே அந்தச் சிகிச்சை நடந்துவந்தது. இந்தப் பொறுமை, பலகாலம் உலகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பெருந்தீங்கு செய்யவில்லை. அதே பொறுமையைச் சிசுவின் கண்ணுக்கும் நீட்டித்ததில்தான் பெரும் அனர்த்தம் விளைந்தது.

ஆன்மா நித்தியம், கோடி கற்பகாலம் மலத்தால் மறைப்புண்டு கிடந்தாலும் அதன் அறியும் சக்தி தேய்வதில்லை, மறைப்பு நீங்கிய கணத்தில் அது முழுமையோடு விளங்கும். மூளையோ தேகத்தின் பகுதி, காலத்துக்கு உட்பட்டது. டேவிட் ஹ்யூபல், டோர்ஸ்டன் வீசல் என்ற இரு விஞ்ஞானிகள், பிறந்த பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்துச் சில வாரங்கள் கழித்துப் பிரித்துப் பார்த்து, கண் பழுதின்றி இருந்தும் அந்தக் கண்ணின் செய்தியை ஏற்கவேண்டிய மூளையின் அணுக்கள் ஏறக்குறைய முற்றிலும் ஊமையாகிவிட்டதை 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். வளர்ந்த பூனையின் கண்ணை அவ்வாறே மூடிவைத்தபோது அந்தக் கேடு நேரவில்லை. 1981ஆம் ஆண்டின் நோபல் பரிசில் இவர்களுக்கும் பங்கு கிடைத்தது. இவ்வுண்மையின் வெளிச்சத்தில், சிசுக்களின் கண்புரைக்கு வைத்தியர்கள் இன்று குறித்திருக்கும் முகூர்த்தம் மிகக் குறுகியது. பார்வையை மறைக்கும் புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் பிறந்து ஆறு வாரத்துக்குள், இரு கண்ணிலும் இருந்தால் எட்டு வாரத்தையொட்டி அதனை அகற்றிவிட விரும்புகிறார்கள். நான்கு வாரத்துக்கு முன்பே கை வைத்தால் கண்ணழுத்த நோய் பின்னால் வரும் அபாயம் மிகும் என்று அஞ்சுகிறார்கள். தாமதித்தால், படலத்தை எவ்வளவு நேர்த்தியாக எடுத்தாலும், கண் திறந்திருக்கும், பார்வை இராது. காத்திருத்தல் என்னும் நற்குணம் காலத்தைக் கடந்த பொருளிடத்தில் மட்டுமே நற்குணம். காலத்துக்கு உட்பட்ட பொருளிடத்தில் அதுவே ஹிம்சையாகிவிடுகிறது.

இத்துணைக் குறுகிய முகூர்த்தம் தவறாமல் இருக்கவேண்டுமாயின், நோயை முதலில் கண்டறிய வேண்டும்; அதற்கு ஆகும் பிரயாசை மிகச் சொற்பம். வெளிச்சம் குறைந்த அறையில், ஒளி பாய்ச்சும் ஆஃப்தால்மாஸ்கோப் என்ற சிறு கருவியைத் தம் கண்ணருகே பிடித்து, ஒரு கை தூரத்திலிருந்து சிசுவின் இரு கண்மணிகளையும் வைத்தியர் நோக்கினால், நலமுள்ள கண்ணில் தணல்போன்ற செவ்வொளி இரண்டிலும் சமமாகத் திரும்பித் தோன்றும். புரையுள்ள கண்ணில் அந்த ஒளி மங்கியோ, நடுவில் கருநிழல் விழுந்தோ, முற்றிலும் அவிந்தோ காணப்படும். பிரசவ விடுதியை விட்டு வீட்டுக்குப் புறப்படும் முன்னும், பிறகு தடுப்பூசிக்கு வரும்போதும் இதைப் பார்த்துவிட்டால் போதும். வீட்டில் இருப்பவர்களும் கவனிக்கவேண்டியவை சில உண்டு: கண்மணி கறுத்திராமல் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ தோன்றுதல், ஆறு எட்டு வாரமாகியும் தாயின் முகத்தில் பார்வை நிலைக்காமை, ஒரு கண் விலகி நிற்றல், வெளிச்சத்தில் கூசி இமையை இறுக்குதல், இரண்டு மூன்று மாதத்தில் விழிகள் நிலைகொள்ளாமல் இப்படியும் அப்படியும் அலைதல். இவற்றுள் கடைசியில் சொன்னது தோன்றிவிட்டால், நல்ல காலத்தின் பெரும்பகுதி கைநழுவிவிட்டது என்று பொருள். வெண்மணி தோன்றுவதற்கு விழித்திரையில் எழும் புற்றும் ஒரு காரணமாகலாம்; அங்கே தாமதம் பார்வையோடு பிராணனையும் கொண்டுபோகும். ஆகவே "போகப் போகச் சரியாகிவிடும்" என்று அன்போடு சொல்லப்படும் ஆறுதலைப்போல் கொடிய வாக்கு இவ்விஷயத்தில் வேறொன்றில்லை.

சிகிச்சையின் முதற்பகுதி வைத்தியருடையது. பிறந்த சிசுவின் விழிக்கோளம் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 17 மில்லிமீட்டரே. அதனுள்ளே நுண்கருவிகளைச் செலுத்தி, கலங்கிய வில்லையை உறிஞ்சி எடுத்து, அதன் பின்னுறையிலும் துவாரமிட்டு, பின்னாலிருக்கும் பளிங்குநீரின் முற்பகுதியையும் சிறிது நீக்கிவிடுகிறார்கள். இல்லாவிடில் சிசுவின் கண் விரைவிலேயே புதிய படலமொன்றை அவ்விடத்தில் உண்டாக்கிக்கொள்ளும். வில்லையை இழந்த கண்ணுக்கு ஒளியைக் குவிக்கும் வலிமை குறைந்துவிடுவதால், தடித்த கண்ணாடியோ, விழியின் மேலே பொருந்தும் கான்டாக்ட் லென்ஸோ உடனே வேண்டும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் செயற்கை வில்லையை உள்ளேயே வைத்துவிட்டால் என்ன என்பதை அறிய, ஒரு கண்ணில் புரையோடு பிறந்த 114 சிசுக்களை அமெரிக்காவில் இரு பிரிவாக்கி ஐந்து வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். பார்வையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை, செயற்கை வில்லை வைத்த பிரிவில் மறுபடியும் சத்திர சிகிச்சை தேவைப்பட்டதே அதிகம் என்று தெரிந்தது.

சிகிச்சையின் இரண்டாம் பகுதி பெற்றோருடையது; தத்துவ விசாரணைக்கு மிக வளமான இடமும் அதுவே. படலம் நீங்கிய மாத்திரத்தில் காட்சி உண்டாகிவிடுமா? 1688ஆம் ஆண்டில் அயர்லாந்து தேசத்து வில்லியம் மாலினோ, ஜான் லாக் என்ற தத்துவ அறிஞருக்கு ஒரு பிரச்னையை எழுதி அனுப்பினார்: கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டே வேறுபடுத்தப் பழகிய பிறவிக் குருடன் ஒருவனுக்குப் பார்வை வந்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எதுவென்று சொல்வானா? மாலினோவின் மனைவியாரே பார்வை இழந்தவர் என்பதால், அந்தக் கேள்வி அவருக்கு வெறும் தர்க்க விநோதமாக இருந்திராது. மூன்று நூற்றாண்டுக்கு மேலாக வாதிக்கப்பட்ட இக்கேள்விக்கு நேர் பரீட்சை நம் தேசத்திலேயே நடந்தது. பவன் சின்ஹா என்ற விஞ்ஞானி தொடங்கிய பிரகாஷ் திட்டத்தின் மூலம், எட்டு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்ட ஐந்து பேர், பிறவிக் குருடு நீங்கிய சில நாட்களிலேயே சோதிக்கப்பட்டார்கள். கையால் தொட்ட உருவத்தைக் கண்ணால் அவர்களால் அடையாளம் காண முடியவில்லை என்று 2011ஆம் ஆண்டில் அவர் குழுவினர் வெளியிட்டனர். ஆனால் மறுபரிசோதனை செய்யப்பட்டவர்களிடம் சில நாட்களிலேயே, போதிப்பார் இல்லாமலே, அந்தச் சக்தி வெகுவாக விருத்தியடைந்திருந்தது. காலங்கடந்த கண்களுக்கும் ஓரளவு நம்பிக்கை உண்டென்பதை இது காட்டுகிறது. நுட்பமான பார்வையோ அவர்களுக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில், கண்ணுக்குக் காட்டி, கண்ணோடு கூடித் தானும் காண்பது உயிர் என்றும், அவ்வாறே உயிருக்குக் காட்டி, உயிரோடு கூடிக் காண்பவன் இறைவன் என்றும் உணர்த்துகிறார். மறைப்பு நீங்குவது ஒன்று, காட்டுவாரோடு கூடிக் காணப் பழகுவது வேறொன்று என்னும் இந்தச் சூட்சுமம், புரை நீங்கிய சிசுவின் வீட்டில் அன்றாட அநுபவமாகிறது. ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்த குழந்தைக்கு, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் ஒட்டுத்துணியால் மூடிவைத்து, நலிந்த கண்ணைப் பார்க்கச் செய்யவேண்டும். குழந்தை அழும், ஒட்டைப் பிய்த்தெறியும், பெற்றவள் மனமிளகி ஒருநாள் விட்டால் மறுநாளும் விடத் தோன்றும். இறைவனுடைய ஐந்தொழில்களுள் மறைத்தலும் அருளே என்று சித்தாந்தம் ஏன் கூறியது என்பதை, ஏட்டில் படித்தவர்களைக் காட்டிலும் இத்தாய் நன்கு அறிவாள். கண்ணாடியின் வலிமையைக் கண் வளர வளர மாற்றுவதும், கண்ணழுத்தம் ஏறுகிறதா என்று ஆயுள்முழுதும் சோதித்துவருவதும் அந்த அருளின் எஞ்சிய பாகங்கள்.

இனி, ஆஸ்திகரின் கேள்விக்கு மீள்வோம். சிசுவின் குருடு பிராரத்தம், அதாவது இப்பிறவியில் அநுபவிக்க வந்த வினையானால், அதில் வைத்தியன் குறுக்கிடலாமா? பசியும் பிராரத்தமே, அதனால் சோறிடுவதை எவரும் நிறுத்தவில்லை. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில், இறைவன் வினைப்பயனை ஊட்டுவதையே, வைத்தியன் அறுத்தும் கீறியும் நோய் தீர்க்கும் கருணையோடு ஒப்பிட்டிருக்கிறார். ஈசனுடைய நீதிக்கே சத்திர வைத்தியனை உவமையாக்கிய சமயத்தில், சத்திர வைத்தியனை ஈசனுடைய நீதிக்கு விரோதியாக நிறுத்துவது எவ்வாறு தகும்? ருபெல்லாவைத் தடுக்கும் ஊசியை, தட்டம்மை ஊசியோடு சேர்த்து, 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் முதலில் இயக்கமாகப் போட்டபோது, பிறக்கப்போகும் எத்தனையோ சிசுக்களின் பிராரத்தத்தில் அரசாங்கம் தலையிட்டதாக எவரும் வருந்தவில்லை.

சஞ்சிதமாகிய சேர்ந்து கிடக்கும் வினை எவ்வளவு என்று அறிந்தவன் இறைவன் ஒருவனே. பிராரத்தம் வந்து சேர்ந்தபின் தெரிவது. ஆகாமியம் ஒன்றே இன்று நம் கையால், நம் கண்ணெதிரில் விளைவது. கண்மணியில் வெண்மை தென்பட்ட நாளுக்கும் கண் வைத்தியரின் வாசலை மிதித்த நாளுக்கும் இடையில் வீணாகக் கழிந்த வாரங்களைச் சிசுவின் கணக்கில் எழுத நியாயமே இல்லை. அந்த ஜீவன் அவற்றுள் ஒரு நாளையும் தானாகக் கழிக்கவில்லை. ஜோசியர் வீட்டுக்கு அதைத் தூக்கிச் சென்றவர்களும், பரிகாரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவர்களும், தாயை ஏசிப் பொழுதுபோக்கியவர்களும், விளக்கொளி காட்டி ஒரு நொடி பார்க்கச் சோம்பிய வைத்தியனும், அவ்வாரங்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியவர்கள். "இது யார் செய்த வினை?" என்று கேட்டவர்களுக்கு, பிறப்பைப் பற்றிய விடை எந்நாளும் கிடைக்கப்போவதில்லை, தாமதத்தைப் பற்றிய விடையோ கையெழுத்துப்போல் தெளிவாக இருக்கிறது. வினைக்கோட்பாட்டை மெய்யாகவே நம்புகிறவன், நம்பாதவனைக் காட்டிலும் அதிக வேகமாக வைத்தியரிடம் ஓடவேண்டியவன் ஆகிறான்.